விருந்தாளி வயல்

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், ஓசூரில் மகள் வீட்டோடு போய் இருக்கிற மனுஷன் இதைக் கேள்விப்பட்டு, "ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க டீச்சரம்மா" என்று போன் பண்ணிவிடுவார். ஒரு வரி படித்திருக்க மாட்டார். ஆனாலும் சொல்லுவார். அந்தக் குணத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

எங்கள் ஊர் நன்னிலம் பக்கம். காவிரித் தண்ணீர் மற்ற ஊரையெல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியாகத்தான் எங்களிடம் வரும். சில வருஷம் வராமலே இருந்துவிடும். கடைமடை என்றால் அப்படித்தான். வாய்க்காலில் முறை வைத்து ஆறு நாள் தண்ணீர் விடுவார்கள், மூடுவார்கள், அடுத்த முறை வரும்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள். அப்பா விட்டுப்போன நிலத்தில் நெல் போடுகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் பேச்சு. தப்பான பேச்சு இல்லை.

என் வயலுக்கு மேல்வயல் அவருடையது. மெயின் ரோட்டை ஒட்டியது. அதற்கு எதிரே ஒரு பஸ் தாராளமாகத் திரும்புகிற அளவுக்குக் காலி இடம். அவர் தலையெழுத்தை எழுதியது அந்தக் காலி இடம்தான். பூமி சூடாகிறது, பருவம் தப்புகிறது, அதற்கேற்ற மாதிரி விவசாயத்தை மாற்ற வேண்டும் என்று எத்தனையோ பேர் முடிவு பண்ணினார்கள். நல்ல முடிவுதான், யார் இல்லை என்றது? ஆனால் அவர்கள் வந்த வண்டி நிற்க இடம் வேண்டுமே. சேற்றில் ரெண்டு கிலோமீட்டர் நடந்து உள்ளே வந்து பூமியைக் காப்பாற்ற யாருக்கு முடியும்? எனவே எந்தத் திட்டம் வந்தாலும் அதற்குச் செயல்விளக்கத் திடல் அவருடைய வயல்தான் என்று ஆயிற்று.

ஒற்றை நாற்று நடவு முதலில் அங்கேதான் வந்தது. நேரடி விதைப்பும் அங்கேதான். வெள்ளம் தாங்குகிற விதையும் வறட்சி தாங்குகிற விதையும் ஒரே வருஷம், ஒரே மாதம், வேறு வேறு ஜீப்பில் வந்து இறங்கின. ரெண்டு ஜீப்புக்காரர்களிடமும் "சரிங்க" என்றார். குறுக்கே ஒரு வரப்பைப் போட்டு, இந்தப் பக்கம் வெள்ளம் அந்தப் பக்கம் வறட்சி என்று பிரித்துக்கொண்டார். ஒவ்வொரு திட்டமும் ஒரு போர்டு நட்டது. பழைய திட்டம் முடிந்தாலும் போர்டு முடியாது. அறுப்புக்கு வந்த மெஷின்காரன் அந்தப் போர்டுகளுக்கு நடுவே வளைத்து வளைத்து ஓட்டி, கடைசியில் கோபித்துக்கொண்டு, "அண்ணே, அடுத்த வருஷம் இதுங்களை அறுக்க வேற மெஷின் கொண்டாறேன்" என்றான். அவர் அதற்கும் சரிங்க என்றார்.

எங்கள் பக்கத்தில் யாராவது "சாப்டாச்சா?" என்று கேட்டால், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாதவனும் "ஆச்சுங்க" என்றுதான் சொல்லுவான். அது மரியாதை. எல்லாரும் செய்வதுதான். ஆனால் இந்த மனுஷன் அந்த மரியாதையை விவசாயம், வைத்தியம், கல்யாணம் என்று எல்லாவற்றுக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊசிப்போய்விட்டது. நாங்கள் எல்லாரும் இலையை மூடிவிட்டோம். பெண்ணின் அப்பா அவரிடம் வந்து, "எப்படிங்க இருக்கு சாப்பாடு?" என்று கேட்டார். "அருமைங்க" என்றார். உடனே இன்னொரு கரண்டி விழுந்தது. அதையும் சாப்பிட்டார். மூன்று நாள் படுக்கை. பெண்ணின் அப்பா பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்து என்ன ஆச்சு என்று கேட்டபோது, "வெயில் ஒத்துக்கலைங்க" என்றார். ஐப்பசி மாதம் அது, மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அவர் சம்சாரம் என்னிடம் ஒரு நாள் தலையில் அடித்துக்கொண்டு சொன்னது: "கொழம்பு நல்லாருக்கான்னு இவருகிட்ட நான் கேக்குறதே இல்ல டீச்சர். உப்பு போட மறந்தாலும் நல்லாருக்கும்பாரு. பக்கத்து வீட்டுப் பொண்ணைக் கூப்பிட்டுத்தான் ருசி பாக்கச் சொல்றேன்."

இதெல்லாம் சிரிக்கிற சமாச்சாரம். நானும் சிரித்தவள்தான்.

ஒரு மார்கழியில் ஒரு வேன் வந்தது. கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் பெட்டிகளை இறக்கினார்கள். பயிரின் மேல் கவிழ்த்து வைக்கிற பெட்டி. எதற்குத் தம்பி என்று யாரோ கேட்க, வந்த பையன் சூதுவாது தெரியாமல், "வயல்லேருந்து வர்ற மீத்தேனை அளக்க வந்திருக்கோம்" என்று சொல்லிவிட்டான். போதாதா? மீத்தேன் என்ற பெயரைக் கேட்டால் எங்கள் டெல்டாவில் தொட்டில் பிள்ளையும் எழுந்து உட்காரும். பூமிக்கு அடியிலிருந்து அதை உறிஞ்சப் போகிறோம் என்று வந்தவர்களை மறித்து ரோட்டில் படுத்த ஜனங்கள் நாங்கள். அரை மணி நேரத்தில் வேனைச் சுற்றி ஊரே கூடிவிட்டது. பொம்பளைகள் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்தோம். ஆமாம், நானும்தான், ஒளிப்பானேன்?

"எடுக்க வரலைங்கம்மா, கொறைக்க வந்திருக்கோம்" என்று பையன் அழாத குறை.

"எடுக்குறதும் கொறைக்கிறதும் எங்களுக்கு ஒண்ணுதான். பெட்டியைத் தூக்குடா" என்றது கூட்டம்.

அப்போதுதான் நம்மவர் ஒரு தூக்கில் மோரோடு வந்தார். முதலில் வேன்காரர்களுக்கு ஊற்றினார், பிறகு எங்களுக்கு. "பச்சைப் புள்ளைங்க, வெயில்ல வந்திருக்குங்க" என்று எங்களிடம் சொன்னார். அவர்களைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய், "ஊர்ல எல்லாருக்கும் புரிஞ்சுபோச்சுங்க, நீங்க வேலையைப் பாருங்க" என்று சொல்லியிருக்கிறார். எங்களிடம் திரும்பி வந்து, "இனிமே வரமாட்டாங்க, வீட்டுக்குப் போங்க" என்றார். நாங்கள் எழுந்து போனோம். அவர்கள் அதற்கப்புறம் வாரம் தவறாமல் வந்தார்கள். மோர் மட்டும் ரெண்டு தரப்புக்கும் பொதுவாகக் கிடைத்தது.

அந்தப் பெட்டிக்குப் பின்னால் வந்ததுதான் காய்ச்சலும் பாய்ச்சலும். நெல்லுக்கு எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது. வயலில் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் குழாயைப் புதைத்து, அதில் தண்ணீர் ஒரு சாண் கீழே இறங்கும்வரை காய விட வேண்டும், பிறகு பாய்ச்ச வேண்டும். தண்ணீரும் மிச்சம், தேங்கின சேற்றிலிருந்து கிளம்பிப் பூமியைச் சூடாக்குகிற மீத்தேனும் குறையும். முறையை நான் குறை சொல்ல மாட்டேன். பூதலூரில் என் தம்பி இதே குழாயைப் புதைத்து நன்றாகத்தான் விளைவித்தான். அவனுக்கென்ன, வீட்டுக்குப் பக்கத்தில் வாய்க்கால் நிறைய ஓடுகிறது. காய்ந்தால் மடையைத் திறப்பான். எங்களுக்குக் காய்ச்சலுக்குப் பஞ்சமே இல்லை. பாய்ச்சலுக்குத்தான் யார் காலில் விழுவது என்று தெரியாது.

அவர் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் ஊரில் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும். அவர் வீட்டுக் கொல்லையில் மட்டும் என்ன புண்ணியமோ, நல்ல தண்ணீர். அங்கிருந்து ரோட்டோர வயலுக்கு மண்ணுக்கு அடியில் குழாய் போட்டிருந்தார். பார்வையிட ஆள் வருகிறது என்று போன் வந்தால் ரெண்டு நாள் முன்னதாக மோட்டாரைப் போடுவார். வண்டி வந்து நிற்கும்போது வயல் குளுகுளுவென்று இருக்கும், பயிர் கரும்பச்சையாக நிற்கும், புதைத்த குழாயில் தண்ணீர் சொன்ன அளவில் நிற்கும். அந்தக் குழாயின் தலையைக்கூடத் துண்டால் துடைத்து வைப்பார்.

"வாய்க்கால் தண்ணி போதுதுங்களா?" என்று கேட்பார்கள்.

"தாராளமா போதுதுங்க."

"இந்த முறை நல்லா வருதுங்களா?"

"ரொம்ப நல்லா வருதுங்க."

போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். ஒரு தடவை நானே பொறுக்க மாட்டாமல் கேட்டேன். "ஏண்ணே, மோட்டார் போட்டதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"வீட்டுக்கு ஆளு வர்றாங்கன்னா வாசல் பெருக்கிக் கோலம் போடுறதில்லையா டீச்சரம்மா? எவ்வளவு தூரத்துலேருந்து வர்றாங்க! வந்தவங்களை இல்லைன்னு சொல்லி எப்படி அனுப்புறது?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அன்றைக்கே அவர் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. அவர்கள் வருகிற அன்றெல்லாம் ஊருக்கே சாப்பாடு, தொப்பி, துணிப்பை. என் சமையல்கட்டில் இன்றைக்கும் வெங்காயம் தொங்குவது 'மண்ணைக் காப்போம் மாற்றத்தை வெல்வோம்' என்று எழுதின பையில்தான். நானும் வாங்கியவள்தானே.

பிறகு ஒரு வருஷம் மழை ஏமாற்றியது. ஐப்பசியில் ரெண்டு நாள் பெய்ததோடு சரி. சம்பாப் பயிர் முழுக்க வாய்க்கால் தண்ணீரை நம்பி நின்றது. பயிர் பொதி கட்டியிருந்தது, அதாவது கதிர் உள்ளே சூலாக இருக்கிற நேரம். அந்தச் சமயத்தில் தண்ணீர் தவறினால் கதிர் வரும், நெல் வராது. வெறும் பதர்தான். மதகைத் திறந்து மூடுகிற லஸ்கர் சைக்கிளில் வந்து, டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

"இந்த முறையிலேருந்து உங்க வாய்க்காலுக்கு ஆறு நாள் இல்லைங்க. நாலு நாள்தான்."

"ஏன்? நாங்க என்ன பாவம் பண்ணினோம்?"

"பாவம் இல்ல டீச்சர். உங்க ஊர்ல கொறைச்ச தண்ணியிலேயே அமோகமா விளையுதாமே? மூணு வருஷ ரிப்போர்ட் இருக்காம், போட்டோவோட. மிச்சத் தண்ணியை வேற வாய்க்காலுக்குத் திருப்புறாங்க."

டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் ரோட்டோர வயலைத் திரும்பிப் பார்த்தோம். அது மட்டும் பச்சைப்பசேல் என்று நின்றது. நாலு நாளில் கடைசி வயல்களுக்குத் தண்ணீர் ஏறவே ஏறாது. எங்களுக்கு வெளியிலிருந்து ஒரு எதிரியும் வேண்டாம்.

நானே அவர் வீட்டுக்குப் போனேன். கேட்கக் கூடாத கேள்வியெல்லாம் கேட்டேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னதை வச்சு இப்படிப் பண்ணுவாங்கன்னு நெனைக்கலைங்க" என்றார்.

"பின்ன என்ன பண்ணுவாங்கன்னு நெனைச்சீங்க? உங்க மரியாதையை ஃபிரேம் போட்டு மாட்டுவாங்கன்னா?"

"சந்தோஷப்பட்டுட்டுப் போயிருவாங்கன்னு..."

வியாழக்கிழமை டவுனில் விவசாயிகள் கூட்டம், அங்கே வந்து உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். வருகிறேன் என்றார். அவர் வருகிறேன் என்று சொன்னதற்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும், ஆகவே வியாழக்கிழமை காலையில் நானே போய் ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனேன்.

மேடையில் இருந்த அதிகாரி அவரைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். "வாங்கய்யா வாங்க! நம்ம முன்னோடி விவசாயி!" நாற்காலி வந்தது, தண்ணீர் பாட்டில் வந்தது, தோளில் ஒரு கை வந்தது. மைக்கை அவர் வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, "நீங்களே சொல்லுங்கய்யா, நாலு நாள்ல சமாளிச்சுடலாம்தானே?" என்று கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். அதிகாரியைப் பார்த்தார். மைக்கைப் பார்த்தார்.

"பாத்துக்கலாங்க" என்றார்.

கூட்டம் கை தட்டியது. அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மைக்கைப் பிடுங்கி அவர் தலையிலேயே போட்டிருப்பேன். திரும்பி வருகிற பஸ்ஸில் எங்கள் ஊர்க்காரர் ஒருத்தரும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. நான் எதிர் சீட்டில் உட்கார்ந்து, நன்னிலத்தில் ஆரம்பித்து ஊர் வரும்வரை விடாமல் திட்டினேன். முதுகெலும்பில்லாத மனுஷன் என்றேன். உங்கள் நல்ல பேருக்கு எங்கள் பிள்ளைகள் பட்டினி கிடக்கணுமா என்றேன். கண்டக்டரே, "போதும் விடுங்கம்மா" என்றார். நான் விடவில்லை. அவர் ஜன்னல் பக்கம்கூடத் திரும்பவில்லை, அத்தனையையும் நேருக்கு நேர் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலையில் என் வயலுக்குப் போனால் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது.

முறை வர இன்னும் பத்து நாள் இருந்தது. வாய்க்கால் காய்ந்து கிடந்தது. பார்த்தால், மேல்வயலுக்குப் போகிற மோட்டார்க் குழாயை வெட்டி, வரப்போரமாக என் வயலுக்குத் திருப்பிவிட்டிருந்தார். மண்வெட்டியோடு அங்கேதான் நின்றார்.

"என்னண்ணே இது?"

"உங்களுக்குக் கதிர் வர்ற நேரமாச்சுங்களே."

"உங்களுக்கும் அதே நேரம்தானே? அதுவும் அடுத்த வாரம் பெரிய குழு வருதுன்னு சொல்றாங்க. வெளிநாட்டுலேருந்து."

"வரட்டுங்க" என்றார். அவ்வளவுதான்.

என் வயல் நனைந்ததும் அதற்குக் கீழ்வயலுக்கு விட்டார். அதற்குக் கீழே இன்னொன்று. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. ரோட்டோரத்து வயலுக்கு ஒரு சொட்டு விடவில்லை. நாலாம் நாள் இலை சுருண்டது. ஏழாம் நாள் மண் வெடித்தது. அது அவர் நிலத்தில் பாதிக்கு மேல். அவர் சம்சாரம் வரப்பில் நின்று அழுதார். "வர்றவங்க முன்னாடி மானம் போயிருமே டீச்சர், நீங்களாச்சும் சொல்லுங்க." நான் சொல்லவில்லை. என் பயிர் அவர் தண்ணீரில் கதிர் தள்ளிக்கொண்டிருந்தது. எந்த வாயால் சொல்லுவது?

குழு வந்தது. மூன்று வண்டி, காலி இடத்தில் வசதியாகத் திரும்பி நின்றது. முதலில் இறங்கிய திட்ட ஒருங்கிணைப்பாளன், டை கட்டின பையன், வயலைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனான். பின்னால் ஒரு வெளிநாட்டு அம்மா இறங்கினார். பார்த்தார். என்ன ஆயிற்று என்று இங்கிலீஷில் கேட்டார். பையன் அதைத் தமிழில் இவரிடம் கேட்டுவிட்டு, "ஐயா, பூச்சின்னு சொல்லுங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சேர்த்துச் சொன்னான்.

அவர் கையைக் கூப்பினார்.

"பூச்சி இல்லைங்க. தண்ணி இல்லாம காஞ்சது. இத்தனை வருஷமா நீங்க பாத்த பச்சையெல்லாம் என் கொல்லை மோட்டார் தண்ணிங்க. வாய்க்கால் தண்ணி போதும்னு நான் சொன்னது பொய். மன்னிச்சுக்கணும்."

பையன் அந்த அம்மாவிடம் திரும்பி, பூச்சித் தாக்குதலால் இந்த வருஷம் சற்றுப் பின்னடைவு, திட்டத்தின் ஆதரவுக்கு விவசாயி நன்றி சொல்கிறார் என்று அழகான இங்கிலீஷில் சொன்னான்.

இருபத்தைந்து வருஷம் பிள்ளைகளின் காப்பியடிப்பைப் பிடித்தவள் நான். "ஸ்டாப்!" என்று நான் போட்ட சத்தத்தில் டிரைவர்களே வண்டியை விட்டு இறங்கிவிட்டார்கள். அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் நான் இங்கிலீஷில் சொன்னேன். பொய் என்ற சொல்லையும் சேர்த்துத்தான். அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பிலிருந்து வயலுக்குள் இறங்கினார். பார்வையிட வந்தவர்களில் அந்த வயலுக்குள் இறங்கின முதல் விருந்தாளி அவர்தான். மண் வெடிப்பில் கையை விட்டுப் பார்த்தார். மணிக்கட்டு வரை போயிற்று.

அப்படியானால் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று அவரிடம் கேட்கச் சொன்னார். அத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"அடுத்த தண்ணி கண்டிப்பா வரும்னு தெரிஞ்சா, வயலைக் காயப் போட எங்களுக்கு ஒண்ணும் பயமில்லைங்க. நாங்களே மிச்சம் பிடிச்சுத் தருவோம். வருமா வராதான்னு தெரியாதவன், கெடைச்சப்ப தேக்கித்தான் வைப்பான். மொதல்ல ஆறு நாளை ஒழுங்கா விடுங்க. அப்புறம் குழாயைப் பொதைங்க."

நான் அதையும் சொன்னேன். அந்த அம்மா எழுதிக்கொண்டார். பையனும் எழுதினான், என்னத்தை எழுதினானோ.

அந்த முறை ஆறு நாள் தண்ணீர் வந்தது. யார் சொல்லி வந்தது என்று லஸ்கருக்கும் தெரியவில்லை. கடைசி வயல்வரை ஏறியது. ஊர் முழுக்கப் பயிர் தப்பியது. அவருடைய வயலுக்கு மட்டும் அது காலம் கடந்த தண்ணீர். கதிரை உருவிக் கையில் கசக்கினால் உமிதான் பறந்தது. முன்னோடி விவசாயிகள் பட்டியலிலிருந்தும் அவரை எடுத்துவிட்டார்கள், முறையைச் சரியாகக் கடைப்பிடிக்கவில்லையாம்.

தை மாதம் எங்கள் வயல்களில் மெஷின் இறங்கிய அன்று, அவர் தன் மாடுகளை ஓட்டிவந்து அந்த வயலில் அவிழ்த்துவிட்டார். நெல் வயலில் சொந்தக்காரனே மாட்டை விடுகிறான் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மாடுகள் மேய, அவர் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். நெல் ஏற்றின டிராக்டர்கள் ஒவ்வொன்றாக அவரைத் தாண்டிப் போயின. எல்லாரும் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு போனார்கள். அந்தப் பக்கம் திரும்பினால் ஏதாவது சொல்ல வேண்டியிருக்குமே. என் டிராக்டர் அவர் பக்கத்தில் வந்தபோது நானும், மூட்டை மேல் கிடந்த தார்ப்பாயைச் சரிசெய்கிறவள் மாதிரிக் குனிந்துகொண்டேன்.